கூடை எங்கே இருக்கு?

எங்கள் குழந்தைகள் இல்லத்தில் ஒரு வழக்கம் உண்டு. தத்துப் போகிற பிள்ளை வெறுங்கையோடு போகக் கூடாது. ஆயா வேலை போக மிச்ச நேரத்தில் நான் ஒரு வயர் கூடை பின்னிக் கொடுப்பேன். அதில் இரண்டு ஜோடித் துணி, பிள்ளை இங்கே இருந்தபோது எடுத்த போட்டோக்கள், கட்டிப்பிடித்துத் தூங்குகிற பொம்மை. இதுவரை எத்தனை கூடை பின்னினேன் என்று கேட்காதீர்கள், கண் பட்டுவிடும்.

பிள்ளையை ஒரு வீட்டில் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலை பொற்கொடி மேடத்துடையது. சமூகப் பணியாளர். வயது முப்பத்தைந்தைத் தாண்டாது. அவரிடம் வேலை கற்றுக்கொள்ள வந்தவர் திருமேனி சார். அவருக்கு அறுபது. தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் சும்மா உட்கார முடியாமல் சமூகப் பணி படித்துவிட்டு வந்தார். குரு சின்னவர், சீடர் பெரியவர். முதல் நாள் அவர் எழுந்து நின்று வணக்கம் சொல்ல, மேடமும் பதறி எழுந்துவிட்டார். யார் முதலில் உட்காருவது என்று தெரியாமல் இரண்டு பேரும் நின்றுகொண்டே இருந்தார்கள். நான்தான் நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

சார் பொறுப்பெடுத்த முதல் பிள்ளை குழலி. ஐந்து வயது. கரூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிற ஞானசேகரும் அவர் மனைவி கோமளாவும் அவளைக் கூட்டிப் போக வந்தார்கள். பன்னிரண்டு வருஷம் பிள்ளைக்காகக் காத்திருந்தவர்கள். கூடைக்குக் குழலி நீலமும் வெள்ளையும் கேட்டிருந்தாள். அப்படியே பின்னினேன்.

கரூர்வரை கூடப் போய் விட்டுவர சாரும் கிளம்பினார். வாசலில் குனிந்து அவள் காதில் என்னவோ சொன்னார். அவள் பெரிய மனுஷி மாதிரித் தலையாட்டினாள். என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வயதுக்கு மரியாதை பார்த்திருக்க மாட்டேன்.

ஒரு மாதம் கழித்து சார் கரூர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். முகமெல்லாம் பல்.

"தங்கமான பிள்ளைங்கறாங்க மேடம். எதுக்கும் அடம் இல்ல. போட்டதைச் சாப்பிடுறா. தட்டைக் கழுவி வைக்கிறா. வீட்ல பிள்ளை இருக்கான்னே தெரியலையாம்."

மேடத்திடம் ஆபீஸ் கோப்பு போக சொந்தமாக ஒரு நோட்டு உண்டு. அதில் பிள்ளையின் பெயர், பக்கத்தில் வீடு போய்ச் சேர்ந்த தேதி, அவ்வளவுதான். சார் தானாகவே அந்த நோட்டை எடுத்து, குழலியைக் கொண்டுபோய் விட்ட தேதியைப் பென்சிலால் எழுதினார்.

"கூடை எங்க இருக்கு சார்?" என்றார் மேடம்.

"எந்தக் கூடை?"

"சவரியக்கா பின்னிக் கொடுத்த கூடை."

சார் யோசித்தார். "வாசக்கதவுக்குப் பக்கத்துல இருந்துச்சு. துணியெல்லாம் மடிச்சு உள்ள அடுக்கி வச்சிருக்கா. அவ்வளவு நேர்த்தி."

மேடம் ரப்பரை எடுத்து அந்தத் தேதியை அழித்தார்.

"இன்னும் வீடு போய்ச் சேரலை."

"நான்தானே மேடம் கொண்டுபோய் விட்டுட்டு வந்தேன்!"

"டீ ஆறுது, குடிங்க சார்."

சார் வெளியே வந்து என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். "பிள்ளை நல்லா இருக்குன்னு சொன்னாலும் இந்தம்மாவுக்குத் திருப்தி இல்லையே." எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பொய் சொல்வானேன்.

மூன்றாம் மாதம் ஒரு காலையில் கோமளா போன் செய்தாள். மேடம் ஸ்பீக்கரில் போட்டார். அழுகைக்கு நடுவேதான் பேச்சே வந்தது.

"உப்புமா வேணாம்னா மேடம். ரெண்டு வாய் சாப்பிடுன்னுதான் சொன்னேன். கத்திக் கூப்பாடு போட்டு, தட்டைத் தூக்கி எறிஞ்சுட்டா. இப்ப கூடையை மடியில வச்சுக்கிட்டு வாசப்படியில உக்காந்திருக்கா. கூப்பிட்டா வர மாட்டேங்கறா. எங்களைப் பிடிக்கலை போல. அங்கதான் அவளுக்குச் சந்தோஷம்னா வந்து கூட்டிட்டுப் போயிடுங்க. எங்களுக்குக் கொடுப்பினை இல்லன்னு நினைச்சுக்கறோம்."

சாருக்கு முகம் வெளுத்துவிட்டது. ஒரு தடவை வீடு போய்த் திரும்பி வந்த பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கண்ணை மறுபடி பார்க்கிற தெம்பு எனக்கு இல்லை.

மேடம் கேட்டார், "தட்டை எறிஞ்சாளா? உப்புமாவோடயா?"

"ஆமா மேடம்."

"ரொம்ப நல்லது. இதோ வர்றோம்."

நல்லதாமே! தூக்கிவாரிப் போட்டது எனக்கு.

பிள்ளைக்குப் பழகின முகம் வேண்டும் என்று என்னையும் பஸ்ஸில் ஏற்றினார்கள். குளித்தலை தாண்டியது. சார் மெல்லக் கேட்டார், "பிள்ளையைத் திரும்ப எடுக்கறதுன்னா என்ன மேடம் எழுதணும்?"

"காபி குடிச்சுட்டு எழுதலாம் சார்."

நாங்கள் போனபோதும் குழலி வாசற்படியில்தான் இருந்தாள். மடியில் கூடை. என்னைப் பார்த்ததும் உதடு பிதுங்கியது, ஆனால் எழுந்து வரவில்லை. மேடம் அவள் பக்கத்தில் குத்த வைத்து உட்கார்ந்து, "உள்ள போய் ஒரு வாய் காபி குடிச்சுட்டு வர்றேன், இங்கயே இருக்கியா?" என்றார். குழலி தலையாட்டினாள். மேடம் நேராக ஞானசேகரைக் கூட்டிக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டார். கோமளா அழுது வீங்கின முகத்தோடு கூடத்தில் எங்களுடன் உட்கார்ந்திருந்தாள்.

ஞானசேகர் காபி கொண்டுவந்தார், பின்னாலேயே மேடமும் வந்தார். ஒரு வாய் குடித்தேன். ஐயோ! ஒரு பொட்டு சர்க்கரை இல்லை. நல்ல கள்ளிச் சொட்டு டிக்காஷன் வேறு. வந்த இடத்தில் என்ன சொல்வது? விழுங்கினேன். சார் கடைசிச் சொட்டுவரை குடித்து டம்ளரைக் கீழே வைத்தார்.

"காபி அருமை" என்றார்.

கோமளா அப்போதுதான் வாயில் வைத்தாள்.

"ஏங்க! இதென்ன கஷாயமா? சர்க்கரைன்னு ஒண்ணு இருக்கறது தெரியுமா தெரியாதா? வந்தவங்களுக்கு இப்படியா கொடுப்பாங்க? இருக்கிற வேதனையில உங்க காபி ஒரு கேடு!"

ணங்கென்று டம்ளரை வைத்தாள். பாதிக் காபி தரையில் ஓடியது.

ஞானசேகர் நெளிந்தார். "மேடம்தான் போட வேண்டாம்னு சொன்னாங்க…"

மேடம் சார் பக்கம் திரும்பினார். "உங்களுக்கும் அதே காபிதானே சார். நீங்க ஏன் கத்தலை?"

"நான் எப்படி மேடம்? நான் விருந்தாளி…"

சொன்னவர் சட்டென்று வாசற்படியைத் திரும்பிப் பார்த்தார்.

வாசலிலிருந்து சின்னக் குரல் வந்தது. "அம்மா கத்திட்டாங்க."

குழலி எழுந்து நின்று கூடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காபியையும் கொட்டிட்டாங்க."

"ஆமாடா கண்ணு" என்றார் ஞானசேகர்.

"அப்ப அம்மா எப்ப போவாங்க?"

"எங்கடா போவாங்க?"

"வெளிய. கத்துனா வச்சுக்க மாட்டாங்கல்ல. போற இடத்துல நல்ல பேரு வாங்கணும், அடம் பிடிச்சா திருப்பி அனுப்பிருவாங்கன்னு சார் தாத்தா சொன்னாங்க." அவள் உள்ளே வந்தாள். கோமளாவின் முன்னால் கூடையை நீட்டினாள். "துணி வைக்க என் கூடையை எடுத்துக்கங்கம்மா."

கோமளா அந்தக் காபி ஈரத்திலேயே தரையில் உட்கார்ந்து அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"நான் எங்கடி போவேன்? இது என் வீடு. கத்துவேன், கொட்டுவேன், துடைச்சுப் போட்டுட்டு இங்கயேதான் கிடப்பேன். நீயும்தான்டி."

"தட்டை எறிஞ்சாலுமா?"

"எறிஞ்சா ரெண்டு திட்டு விழும். நீயே பொறுக்கி எடுக்கணும். அவ்வளவுதான்."

குழலி அவள் மடியில் ஏறி உட்கார்ந்தாள்.

"உப்புமா எனக்குப் பிடிக்காது."

"மூணு மாசமா தின்னியேடி!"

"பிடிக்காது!" இந்தத் தடவை தெருவுக்கே கேட்டது.

ஞானசேகர் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். நான் சிரிக்கவில்லை, ஓவென்று அழுதேன்.

கிளம்பும்போது சார் குழலியின் முன்னால் முட்டி போட்டார். "தாத்தா தப்பா சொல்லிட்டேன் பாப்பா."

"பரவால்ல" என்றாள் அவள். "இனிமே யார்கிட்டயும் சொல்லாதீங்க."

பஸ்ஸில் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க வேண்டும் என்று வாயைக் கூர் தீட்டி வைத்திருந்தேன். சார் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்ததும் மனசு வரவில்லை.

"முப்பது வருஷம் மேடம். சத்தம் போடாத பிள்ளைகளைத்தான் மேடைக்குக் கூப்பிட்டுக் கைதட்ட வச்சேன்."

மேடம் கடலைப் பொட்டலத்தை அவரிடம் நீட்டினார். "சூடா இருக்கு சார்."

அதன் பிறகு மூன்று மாதம் கழித்து சார் மறுபடியும் கரூர் போனார். மறுநாள் ஆபீஸுக்குள் நுழையும்போதே அவர் குரல் கேட்டது.

"அதை ஏன் மேடம் கேக்குறீங்க! சிவப்பு ரிப்பன் இல்லன்னு ஸ்கூலுக்குப் போகாம தரையில உருண்டிருக்கா. அப்பாகூட ரெண்டு நாளா காய். 'தாத்தா, நீங்க காபி உறிஞ்சற சத்தம் நல்லாவே இல்ல'ன்னு என் மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டா!"

சொல்லும்போது அவருக்கு அப்படி ஒரு பூரிப்பு. தன் பேத்தி முதல் மார்க் வாங்கினால்கூட அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்.

மேடம் கேட்டார். "கூடை எங்க இருக்கு சார்?"

"அதைப் பார்க்கணும்னுதான் வீடு முழுக்கத் தேடினேன். காணோம். கிளம்பற நேரத்துல கோமளா சந்தையிலருந்து வந்தாங்க. கூடை நிறைய சின்ன வெங்காயம், மேல முருங்கைக்காய். பாரம் தூக்கித் தூக்கி ஒரு காது அறுந்துபோச்சு. சவரியம்மாகிட்ட வேற ஒண்ணு பின்னித் தரச் சொன்னாங்க."

நான் பின்னின கூடை அறுந்தால் எனக்குப் பொல்லாத கோபம் வரும். அன்றைக்கு வரவில்லை.

மேடம் தன் நோட்டைத் திறந்து குழலியின் பெயர் இருந்த பக்கத்தை எடுத்தார். பேனாவின் மூடியைக் கழற்றிச் சாரிடம் கொடுத்தார்.

"இன்னைக்குத் தேதி போடுங்க."