ஒரு மீட்டர் கயிறு

ஆலாங்காட்டுப்புதூர்க்காரர்களிடம் ஒரு வேலையைச் சொன்னால், சொன்னது சொன்னபடி செய்து முடிப்பார்கள். அந்த ஊரில் உள்ள ஒரே சிக்கல் அதுதான்.

அந்த ஊர்ப் பால் சொசைட்டிக்கு நான்கு பேர் பொறுப்பு. தலைவர் நாச்சிமுத்து, பால் அளக்கிற பொங்கியண்ணன், பாலில் கொழுப்புப் பார்க்கிற துளசிமணி, இவர்கள் மூவர் செய்வதற்கும் சேர்த்துக் கையெழுத்துப் போடுகிற செயலாளர் சென்னியப்பன். ஒரு புதன்கிழமை காலை, பால் வண்டியில் ஒன்றிய ஆபீஸிலிருந்து அவர்களுக்கு ஒரு அட்டைப்பெட்டியும் கடிதமும் வந்தன. பெட்டியில் இருந்தது டேப்லெட். ஊரில் உள்ள அறுபத்திரண்டு மாடுகளையும் அதில் போட்டோ எடுத்து, வயது, சினை விவரத்தோடு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும், அனுப்பாத சொசைட்டியில் சனிக்கிழமை முதல் வண்டி நிற்காது என்று கடிதம் சொன்னது.

சென்னியப்பன் கடிதத்தை இன்னொரு முறை படித்துப் பார்த்தார். வண்டி நிற்காவிட்டால் பாலை மேட்டூர்ப்பட்டி சொசைட்டிக்குத்தான் கொண்டுபோய் ஊற்ற வேண்டும். அங்கே செயலாளர் அவருடைய சொந்த மச்சான். எந்த ஊர்ப் பால் கெட்டி என்ற விவகாரத்தில் இரண்டு பேருக்கும் பத்து வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. அந்த மனுஷன் முன்னால் கேனைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்பதை நினைத்தாலே அவருக்குச் சோறு இறங்கவில்லை.

பெட்டியில் இருந்ததை மேசையில் பரப்பி நான்கு பேரும் சுற்றி உட்கார்ந்தார்கள். டேப்லெட் ஒன்று. சுவரில் செருகும் சார்ஜர் ஒன்று. வெள்ளைக் கேபிள் ஒன்று, நீளம் ஒரு மீட்டர் என்று பெட்டியிலேயே போட்டிருந்தது. சின்ன ஊசி ஒன்று. மணிமணியாக ஏதோ அடைத்த காகிதப் பொட்டலம் ஒன்று, அதன்மேல் 'தின்னாதீர்கள்' என்று எழுதியிருந்தது.

கேபிளைப் பார்த்ததும் நாச்சிமுத்து நெற்றியைச் சுருக்கினார். அந்தப் பக்கத்தில் மாடு விற்கிறவன் மாட்டைத்தான் கொடுப்பான், கயிற்றைக் கழற்றி வைத்துக்கொள்வான். கயிறு போனால் பட்டியின் ராசியும் கூடவே போய்விடும் என்பது வழக்கம். இந்தக் கம்பெனிக்காரன் கயிற்றையும் சேர்த்தே கொடுத்திருக்கிறான் என்றால் இது திரும்பி வரவே கூடாது என்று நினைக்கிறான்.

"அதுவும் எத்தனை குட்டையா உட்டிருக்கான் பாருங்க" என்றார் பொங்கியண்ணன்.

"முட்டற மாட்டுக்குத்தானுங்க கயிறு குட்டையா உடுவாங்க" என்றாள் துளசிமணி.

மேசையைச் சுற்றி இருந்த நான்கு பேரும் நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிக்கொண்டார்கள்.

நீளமான கயிறு ஒன்று வாங்கிப் போடலாமே என்று சென்னியப்பன் கேட்டுப் பார்த்தார். கூட வந்த தாளைப் படித்தபோது, கொடுக்கப்பட்ட கேபிளைத் தவிர வேறு எதையும் பயன்படுத்தக் கூடாது என்று தெளிவாக இருந்தது.

மற்ற சாமான்கள் சுலபமாகப் புரிந்துவிட்டன. பொட்டலம் அதனுடைய தீவனம், அதனால்தான் நம்மைத் தின்னாதே என்கிறான். பொங்கியண்ணன் அதைப் பிரித்து ஒரு தட்டில் கொட்டி டேப்லெட் முன்னால் வைத்தார். அது தொடவில்லை. புது இடம், இரண்டு நாளைக்கு அப்படித்தான் இருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டார்கள். ஊசி மூக்கு குத்துவதற்கு. டேப்லெட்டின் ஓரத்தில் அதற்கென்றே ஒரு துளையும் இருந்தது. துளசிமணி பதமாகக் குத்தினாள். உடனே பக்கவாட்டில் சின்னதாக ஒரு தட்டு வெளியே வந்தது. அவள் அதைக் கூர்ந்து பார்த்து, நாக்கு சுத்தமாக இருக்கிறது, சீக்கு எதுவும் இல்லை என்று சொல்லி உள்ளே தள்ளிவிட்டாள்.

இனி கட்ட வேண்டியதுதான். சொசைட்டியில் இருந்த ஒரே பிளக் வாசல் நிலைக்கு மேலே, கன்றுக்குட்டிகள் நக்காத உயரத்தில் இருந்தது. சார்ஜரை அங்கே செருகி, கேபிளின் மறுமுனையில் டேப்லெட்டை மாட்டி, கீழே விழாமல் ஒரு பையில் போட்டு ஆணியில் தொங்கவிட்டார்கள். அதற்குச் சென்னியப்பன் ஸ்டூல்மேல் ஏறினால்தான் எட்டியது. மாட்டுக்கு எப்படி எட்டும் என்ற கேள்வி வந்தது. அவிழ்த்துக் கீழே கொண்டுவரலாம் என்று யாருமே சொல்லவில்லை. முட்டுகிறதை யார் அவிழ்ப்பார்கள்.

வியாழக்கிழமை காலை, குடோனில் இருந்த புண்ணாக்கு மூட்டைகளை அடுக்கி வாசலுக்கு ஒரு படிக்கட்டுக் கட்டினார்கள். நல்ல கட்டுமானம், அதில் குறை சொல்ல முடியாது. முதல் மாடு இரண்டு படி ஏறியது, மூன்றாவது படியைத் தின்றது. இரண்டாவது மாடு முதல் படியிலேயே நின்று அதைத் தின்றது. மூன்றாவது மாடு வந்தபோது ஏறுவதற்கு எதுவும் மிச்சமில்லை. ஆனால் விஷயம் ஊருக்குள் பரவி, மற்ற ஐம்பத்தொன்பது மாடுகளும் கூப்பிடாமலே வந்து வரிசையில் நின்றன.

அன்றைக்கு ஒரு போட்டோகூட விழவில்லை. சென்னியப்பன் ஸ்டூல்மேல் உட்கார்ந்தபடியே மச்சானின் சிரிப்பை நினைத்துப் பார்த்தார். அவருக்கு அழுகை வந்தது, வெட்கமாகவும் இருந்தது.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு, மனதைத் திடப்படுத்திக்கொண்டு ஆபீஸில் இருந்த விரிவாக்க அலுவலர் மங்கையர்க்கரசிக்குப் போன் செய்தார். கயிறு ஒரு மீட்டர்தான் இருக்கிறது, மாடுகள் எட்டமாட்டேன் என்கின்றன என்று முறையிட்டார். கயிறு என்று எதைச் சொல்கிறார் என்று அந்த அம்மாள் கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு, டேப்லெட்டைச் சுவரில் இருந்து கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு மாடு இருக்கிற இடத்துக்குப் போங்கள் என்றார்.

மேலிடத்து உத்தரவு. செய்துதான் ஆகவேண்டும். சென்னியப்பன் பிளக்கைக் கழற்றும்போது மற்ற மூவரும் மேசைமேல் ஏறி நின்றுகொண்டார்கள். அது சாதுவாகவே இருந்தது. அப்படியும் நம்பிக்கை வராமல், முன்னால் பொங்கியண்ணன் அந்தத் தீவனத் தட்டைக் காட்டிக்கொண்டே நடந்தார், நடுவில் சென்னியப்பன் அதை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு வந்தார், கேபிளின் முனையை நாச்சிமுத்து கையில் இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கிப் பிடித்திருந்தார், பின்னால் துளசிமணி குச்சியோடு வந்தாள். வழியில் கண்டவர்கள் எல்லாம் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

முதல் தொழுவத்தில் சிவப்புப் பசு ஒன்று அசைபோட்டுக்கொண்டிருந்தது. சென்னியப்பன் அதற்கு எதிரே நின்று அமுக்கினார். படத்தில் சென்னியப்பன் இருந்தார். மறுபடி அமுக்கினார். மறுபடியும் அவரே இருந்தார்.

"மாட்டைப் புடிச்சா என்ற மூஞ்சி வருதுங்களே" என்று கவலைப்பட்டார்.

நாச்சிமுத்து நெடுநேரம் யோசித்தார். "சொசைட்டியில எல்லா மாட்டுக்கும் கையெழுத்துப் போடறது ஆரு?"

"நானுங்க."

"பொறுப்பு ஆரு பேர்லயோ அவங்க மூஞ்சியத்தானப்பா காட்டும். கவர்மென்ட்டு மிசினு, அதுக்கு முறை தெரியும்."

துளசிமணியும் பொங்கியண்ணனும் அதை ஒத்துக்கொண்டார்கள். சென்னியப்பனுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அதன்பிறகு வேலை மளமளவென்று நடந்தது. ஒவ்வொரு மாட்டின் முன்னாலும் போய் முறையாக நின்று, ஒரு படம் எடுத்து, விவரம் ஏற்றினார்கள். ஐந்து மணிக்கு எட்டு நிமிஷம் இருக்கும்போது அறுபத்திரண்டும் போய்ச் சேர்ந்தன. 'பதிவு ஏற்கப்பட்டது' என்று பதில் வந்ததும் சென்னியப்பன் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். இரண்டு நாளைக்கப்புறம் அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டார்.

சனிக்கிழமை காலை பால் வண்டி ஹார்ன் அடித்துக்கொண்டே வந்து நின்றது. அதிலிருந்து கையில் போட்டோ போட்ட பெரிய பட்டியலும் தோளில் ஒரு பெட்டியுமாகக் கால்நடை ஆய்வாளர் ஒருவர் இறங்கினார். பதிவான அறுபத்திரண்டு தலைக்கும் காதில் நம்பர் வில்லை மாட்டிய பிறகுதான் பாலை ஏற்ற வேண்டும் என்று அவருக்கு உத்தரவு. பட்டியலைப் பிரித்தார். முதல் பக்கத்தைப் பார்த்தார், சென்னியப்பனைப் பார்த்தார். அடுத்த பக்கத்தைப் புரட்டினார். கடைசிப் பக்கம் வரை புரட்டிவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முதலில் இருந்து ஒருமுறை பார்த்தார்.

"பதினேழாம் நம்பரு ஆறு மாசச் சினைன்னு போட்டிருக்குது" என்றார் மெதுவாக.

"ஆமாங்க, நாந்தான் எழுதினனுங்க" என்றார் சென்னியப்பன்.

இது எல்லாம் மாடு இல்லையே என்று ஆய்வாளர் குரல் உயர்த்தினார். படத்தில் இருப்பது யாரோ அவர் காதில்தான் தன்னால் வில்லை மாட்ட முடியும், வேறு காதில் மாட்டினால் தன் வேலை போய்விடும் என்று கத்தினார். கோபத்தில் சொன்னதுதான். ஆனால் சொன்னது ஆலாங்காட்டுப்புதூரில்.

நான்கு பேரும் ஒதுக்குப்புறமாகப் போய் ஆலோசனை செய்தார்கள். வண்டி காத்துக்கொண்டிருந்தது, பாலுக்கோ வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நாச்சிமுத்து விரலை மடக்கிக் கணக்குப் போட்டு, காதுக்கு முப்பத்தொன்று வருகிறது, தாங்கும் என்றார். சென்னியப்பன் ஒரு கேனைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். தலைத்துண்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு, ஆய்வாளர் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"வலதுல ஆரம்பிங்க சார். இடதுலதான் நானு போன் பேசறது."