அழுக்கில்லாத வானம்

சனிக்கோளையும் தாண்டிப் போய்விட்ட ஒரு விண்கலம், கடைசியாக ஒருமுறை திரும்பி, பூமி இருக்கும் திசையைப் படம் எடுத்து அனுப்பியது. அதைச் சுத்தம் செய்யும் வேலை சிங்காரவேலுவுக்கு வந்தது.

அவர் முன்பு ஸ்டூடியோவில் கல்யாணப் படங்களுக்கு டச்சிங் செய்தவர். மணப்பெண் முகத்துப் பருவைத் தடம் தெரியாமல் எடுப்பார். ஐம்பது வயதில் விண்வெளி மையத்தின் படக்கூடத்துக்கு வந்து ருக்கையாவிடம் சீடராகச் சேர்ந்தார். குருவுக்கு வயது அவரைவிடக் குறைவு.

சேர்ந்த புதிதில் ஒருநாள் கேட்டார்: "மேடம், வானம் முழுக்கப் புள்ளி. எது நட்சத்திரம், எது அழுக்கு?"

விண்வெளியில் பறக்கும் நுண்துகள் கேமராவில் மோதினால், படத்தில் அங்கேயும் ஒரு வெள்ளைப் புள்ளி விழும். பார்வைக்கு அதுவும் நட்சத்திரம்தான்.

"ஒரே இடத்தை இரண்டு தடவை எடுப்போம்," என்றார் ருக்கையா. "இரண்டு படத்திலும் அதே இடத்தில் இருந்தால் நட்சத்திரம். ஒன்றில் மட்டும் இருந்தால் அழுக்கு."

இந்தப் படமும் சில மணி நேர இடைவெளியில் இரண்டாக வந்திருந்தது. சிங்காரவேலு விதியைக் கணினிக்குக் கொடுத்தார். நீக்கிய புள்ளிகள் இரண்டு கழிவுப் படங்களில் போய் விழுந்தன. "சரி" என்று அவர் ஒப்புதல் கொடுத்ததும் மூலமும் கழிவும் அழிந்துவிடும். கலத்தின் கேமராவையும் அணைத்துவிடுவார்கள். அதில் மின்சாரம் மிச்சமில்லை. அதற்குப் பிறகு படம் கிடையாது.

கூடத்தில் இருந்தவர்கள் வந்து பார்த்தார்கள். "கண்ணாடி துடைத்த மாதிரி இருக்கிறது, சார்," என்றார் ஒருவர்.

"ஒப்புதல் கொடுக்கட்டுமா மேடம்?"

ருக்கையா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய டீயில் ஆடை படிந்தது.

"இதில் நாம் எங்கே இருக்கிறோம், சார்?"

"நாமா? இங்கேதான். ஏ.சி.க்கு அடியில் நடுங்கிக்கொண்டு."

ருக்கையா சிரிக்கவில்லை. "படத்தில்."

சிங்காரவேலு குனிந்தார். ஒரு மூலையிலிருந்து மறுமூலை வரை தேடினார். நட்சத்திரங்கள் அதனதன் இடத்தில் நின்றன. பூமி இருந்த இடத்தில் ஓர் ஓட்டைகூட இல்லை. நாம் இல்லாத குறை எங்கேயும் தெரியவில்லை.

"நானாக எதையும் தொடவில்லை, மேடம். நீங்கள் சொன்ன விதிதான்."

"விதி சரிதான். கழிவைத் திறங்கள்."

இரண்டு கழிவுப் படங்களும் திறந்தன. கறுப்பில் பொரி இறைத்தது போல் புள்ளிகள்.

"மாற்றி மாற்றிக் காட்டுங்கள்," என்றார் ருக்கையா.

சிங்காரவேலு ஒரு விசையைத் தட்டினார். முதல் படம். இரண்டாம் படம். மறுபடி முதல் படம். புள்ளிகள் தோன்றின, மறைந்தன. ஒன்றில் இருந்தது மற்றதில் இல்லை.

ஒன்று மட்டும் மறையவில்லை. மயிரிழையளவு வலப்பக்கம் நகர்ந்தது. விசையைத் தட்டினால் திரும்பி வந்தது. மறுபடி தட்டினால் மறுபடி நகர்ந்தது.

அவர் கை நின்றுவிட்டது.

"பூமி நகர்ந்துகொண்டே இருக்கிறது. இடம் மாறியதால் கணினி அழுக்கு என்று எடுத்துவிட்டது," என்றார் மெதுவாக.

"ஆமாம்."

"காலையிலிருந்து நாம் எல்லோரும் குப்பையில் கிடந்திருக்கிறோம்."

"ஆமாம்."

"யாருக்கும் ஒன்றும் தெரியவில்லையே, மேடம். எனக்குக்கூட."

"தெரியாது, சார்."

வெளியே பெரிய ஆன்டெனா மெல்லத் திரும்பும் சத்தம் கேட்டது. கலம் பதிலுக்குக் காத்திருந்தது.

சிங்காரவேலு அந்தப் புள்ளியைக் கழிவிலிருந்து எடுத்து, அதன் இடத்தில் திரும்ப வைத்தார். பெரிதாக்கி ஒருமுறை சரிபார்த்தார். பிறகுதான் ஒப்புதல் கொடுத்தார்.

திரையில் முதலில் சுத்தம் செய்த படம் இன்னும் இருந்தது. கண்ணாடி துடைத்தது போல், பூமி இல்லாமல்.

"இதை அழித்துவிடுகிறேன். தப்பான படம்."

"வேண்டாம். பத்திரமாக வையுங்கள்."

"தப்பான படத்தை வைத்து என்ன செய்வது?"

ருக்கையா ஆறிய டீயின் ஆடையை ஓரமாக ஒதுக்கிவிட்டுக் குடித்தார்.

"அது தப்பான படம் இல்லை, சார். சீக்கிரம் வந்துவிட்ட படம்."