நான்காவது மிதி

ஐம்பத்தெட்டு வயதில் குஞ்சிதபாதம் மறுபடியும் மாணவர் ஆனார். முப்பத்தொரு வருஷம் பஸ் டெப்போவில் பிரேக் பார்த்தவர். ஓய்வு பெற்ற கையோடு, மேட்டுப்பாளையத்தில் பழைய கார்களைப் புதுப்பித்துக் கொடுக்கும் அமலோற்பவத்தின் பட்டறைக்குப் போய், "எனக்கும் இந்த வேலையைக் கத்துக்குடுங்க" என்று நின்றார்.

அமலோற்பவம் அவரைவிடப் பதினாறு வயது இளையவர். "பஸ்ஸுல படிச்சதைக் கொஞ்ச நாள் மறந்திருக்க முடியுங்களா அண்ணா?" என்று மட்டும் கேட்டார்.

"முடியும் மேஸ்திரியம்மா" என்றார் குஞ்சிதபாதம். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

சேர்ந்து ஆறு மாதம் ஆன பிறகு ஒரு திங்கட்கிழமை காலை, முன் பம்பர் நசுங்கிய கிரீம் நிறக் கார் ஒன்றைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். பார்த்ததும் அவருக்கு அடையாளம் தெரிந்தது. குன்னூர் ஓட்டல் முதலாளி வரதப்பனின் கார். அறுபது வருஷத்துப் பழசு. வரதப்பன் அதன் இன்ஜினுக்குள் பந்தயக் காரில் வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட்டை வேறெங்கோ கொடுத்துப் போட்டிருந்தார். நின்ற இடத்திலேயே கார் தொம் தொம்மென்று அதிரும். தெருவே திரும்பிப் பார்க்கும். அதற்காகத்தான் போட்டது. இரண்டு மாதத்துக்கு முன் அதற்கு, லேசாக மிதித்தாலே பிடிக்கும் பவர் பிரேக் வைத்துக் கொடுத்தவர் குஞ்சிதபாதம்.

கூடவே வந்த வரதப்பன் நடந்ததைச் சொன்னார். குன்னூர் கடைவீதி இறக்கம். வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்த நேரம். முன்னால் பஸ்ஸுக்குக் காத்திருந்த கூட்டம். டிரைவர் பெள்ளிராஜ் காரைச் சுவரில் கொண்டுபோய் மோதிவிட்டார். கூட்டத்தில் யாருக்கும் கீறல்கூட இல்லை. பெள்ளிராஜுக்குத்தான் மணிக்கட்டு முறிந்தது.

"பெடல் கல்லு மாதிரி ஆயிடுச்சாம். கதை விடறான். தூங்கிட்டான்னு போலீஸ்ல எழுதிக் குடுத்துட்டேன். வேலையை விட்டும் தூக்கியாச்சு. பிரேக் நல்லா இருந்துச்சுன்னு நீங்க ஒரு லெட்டர் குடுத்தா அவன் லைசென்ஸும் போயிடும். நாளைக்கு வந்து வாங்கிக்கறேன்."

வரதப்பன் போனதும் குஞ்சிதபாதம் கொதித்தார்.

"குடுத்துடுவோம்மா! நானே ரோட்ல ஓட்டிப் பார்த்த பிரேக். அறுபதுல போய் மிதிச்சேன், ஆணி அடிச்ச மாதிரி நின்னுச்சு. அரைத்தூக்கத்துல மோதிட்டு என் வேலை மேல பழி போடறானா?"

அமலோற்பவம் காரின் முன்பக்கம் போனார். காரின் மூடியைத் திறந்தார். இன்ஜினிலிருந்து பிரேக் டப்பாவுக்குப் போகும் ரப்பர் குழாயில் ஒரு மீட்டரை மாட்டினார். இன்ஜினை ஓட விட்டார்.

"ஏறி உட்காருங்கண்ணா. ஆக்ஸிலேட்டரைத் தொட வேண்டாம். பிரேக்கை மிதிங்க."

மிதித்தார். வெண்ணெயாக இறங்கியது.

"விட்டுட்டு மிதிங்க."

இறங்கியது.

"இன்னொண்ணு."

கொஞ்சம் முரண்டு பிடித்தது.

"இன்னொண்ணு."

பெடல் அசையவில்லை. குஞ்சிதபாதம் இருக்கையில் முதுகை முட்டுக்கொடுத்து இரண்டு காலாலும் மிதித்தார். நெற்றி வியர்த்ததுதான் மிச்சம்.

"மீட்டரைப் பாருங்க" என்றார் அமலோற்பவம். "இன்ஜின் காத்தை உறிஞ்சி உறிஞ்சி இந்த டப்பாவைக் காலியா வெச்சிருக்கணும். அந்த வெற்றிடம்தான் நம்ம காலோட சேர்ந்து மிதிக்குது. ரோட்ல ஓடும்போது இது நல்லா உறிஞ்சும். நின்னு தொம் தொம்முனு அடிக்கும்போது முள்ளு பாதியைக்கூடத் தாண்டலை. டப்பால மிச்சம் இருந்தது மூணு மிதிக்கு வந்துச்சு. பஸ் பிரேக்குக்குக் காத்தை அடைச்சு வைக்கத் தனி மெஷின் இருக்கு, இதுக்கு அது இல்லீங்கண்ணா."

குஞ்சிதபாதத்துக்கு முகம் சுட்டது. விபத்துக்குப் பத்து நாள் முன்பு பெள்ளிராஜ் இதே இடத்தில் வந்து நின்றிருந்தார். நெரிசலில் பெடல் கெட்டியாகுதுங்க என்றார். காலை உதறிட்டு மிதிய்யா என்று சிரித்து அனுப்பிவைத்தது இவர்தான். அந்தச் சூடு கீழே இறங்கவில்லை. வரதப்பன் பக்கம் திரும்பியது.

மறுநாள் வரதப்பன் வந்தார். அமலோற்பவம் அவரையும் நான்கு முறை மிதிக்க வைத்தார்.

"கரண்ட்ல ஓடி இந்தக் காத்தை உறிஞ்சற வேக்குவம் பம்ப் ஒண்ணும், சேத்துவைக்க ஒரு டேங்கும் போடணுங்க. போட்டா சரியாயிடும்."

"பம்ப் சத்தம் கேட்குமா?"

"லேசாக் கேட்குங்க."

"அப்ப வேண்டாம். என் இன்ஜின் சத்தமே கெட்டுடும். லெட்டரைக் குடுங்க, போறேன்."

குஞ்சிதபாதம் கையிலிருந்த ஸ்பேனரை விட்டெறிந்தார். "ஒரு மனுஷன் கை ஒடிஞ்சு கிடக்கான். நாலு பேர் உன் வண்டிச் சத்தத்தைத் திரும்பிப் பார்க்கணும்னு அவன் சோத்துல மண்ணைப் போடறியா? நீயெல்லாம் மனுஷனா?"

"வேலைக்காரங்களை இப்படித்தான் பேச விடுவீங்களா?" என்று வரதப்பன் அமலோற்பவத்திடம் கத்தினார்.

"லெட்டர் உங்க கைக்கு வராதுங்க. சாயங்காலம் ஸ்டேஷனுக்குப் போகும்" என்றார் அமலோற்பவம். "வண்டியை இழுத்துக்கிட்டுப் போறதா இருந்தாப் போங்க. பம்ப் போடாம ஓட்டிக்கிட்டுப் போக விடமாட்டேன்."

வரதப்பன் போன பிறகு குஞ்சிதபாதம் எறிந்த ஸ்பேனரைப் பொறுக்கி எடுத்தார்.

"இந்த மாதிரி ஆளை என்ன பண்றதும்மா?"

"நடந்ததை எழுதுங்கண்ணா."

மதியச் சாப்பாட்டைக்கூடத் தொடாமல் எழுதினார். மூன்று பக்கம் வந்தது. நின்றபடியே வாசித்துக் காட்டினார். வரதப்பனின் ஆடம்பரம், வரதப்பனின் அலட்சியம், வரதப்பன் சொன்ன பொய். வாசிக்க வாசிக்கக் குரல் உயர்ந்தது. நடுவில் இரண்டு வரி மட்டும் வேகமாகப் போயின. "மேற்படி வாகனம் ஓடும் நிலையில் மட்டுமே பரிசோதிக்கப்பட்டது. ஓட்டுநர் முன்கூட்டியே தெரிவித்த குறை கவனிக்கப்படவில்லை."

அமலோற்பவம் காகிதத்தை வாங்கினார். கடைசியில் தன் கையால் ஒரு வரி சேர்த்தார். 'வேலை முடிந்த வண்டியை நானும் ஒருமுறை மிதித்துப் பார்க்காமல் வெளியே விட்டேன்.' அடியில் முழுப் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு பேனாவை மூடாமல் முதலிலிருந்து படித்தார்.

"எல்லாம் உள்ளதுதாங்கண்ணா. வரதப்பன் பேரு பதினோரு எடத்துல இருக்குது."

"இருக்கட்டும். நூறு எடத்துல எழுதினாலும் தகும் அந்த ஆளுக்கு."

"தகும்."

அமலோற்பவம் இரண்டாம் பக்கத்தின் நடுவில் விரலை வைத்துக் காகிதத்தை அவர் பக்கம் திருப்பினார். பேனாவையும் நீட்டினார்.

"பரிசோதிக்கப்பட்டதுன்னு இருக்குது. கவனிக்கப்படவில்லைன்னும் இருக்குது. யாராலங்கண்ணா?"