வறண்ட கிணறே வெட்டாதவர்

முன்னொரு காலத்தில், மழை எட்டிப் பார்க்க மறந்துபோன ஒரு நாட்டை ஒரு மன்னர் ஆண்டுவந்தார். தெருவில் குடத்தோடு குடம் மோதிச் சண்டை. அரண்மனைத் தோட்டத்திலோ ஒரு பெரிய குழி. போன கோடையில் கிணறு என்று சொல்லி வெட்டியது. சொட்டுத் தண்ணீர் வரவில்லை. மயில்கள் நிழலுக்காக அதில் இறங்கிப் படுத்துக்கொண்டன. வெட்டியவன் எங்கே என்று மன்னர் கேட்டபோது, "வெட்கம் தாளாமல் நாட்டைவிட்டே ஓடிவிட்டான், பிரபு" என்று தலைமை அமைச்சர் விசயாதிராயர் கதையை முடித்துவிட்டார்.

ஒருநாள் மன்னர் சபையில் எழுந்தார்.

"ஊர் நடுவே ஒரு பொதுக் கிணறு வேண்டும். இன்னொரு மயில் மாளிகை எனக்கு வேண்டாம். வாழ்நாளில் ஒரு வறண்ட கிணறுகூட வெட்டாதவனைக் கொண்டுவாருங்கள்!"

சபை "ஆகா!" என்றது. மன்னர் தும்மினாலும் "ஆகா" சொல்லுகிற சபை அது.

அமைச்சர் குழைந்தார். "இதற்கு நம் விகடகவி கொம்பையாவை விட்டால் ஆள் ஏது, பிரபு? வரும் பௌர்ணமிக்குள் அவர் தேடித் தரட்டும். முடியாவிட்டால் அந்தக் குழிக்குள்ளே இறங்கி மயில்களைச் சிரிக்க வைக்கட்டும். மேலே நாம் மண்ணைத் தள்ளிவிடலாம்."

"நல்ல யோசனை" என்றார் மன்னர். அவருக்கு வெயிலில் மூளை கொஞ்சம் உருகியிருந்தது.

கொம்பையா அன்றே மூட்டையைக் கட்டினார். அன்றிலிருந்து ஊர் ஊராக அலைந்தார். கிணறு வெட்டுகிற ஒவ்வொருவரும் தங்களுக்குப் பொய்த்த கிணறுகளை விரல் மடக்கிச் சொன்னார்களே தவிர, பொய்க்காத ஆள் ஒருவரும் இல்லை. தூங்கினால் கனவில் மயில்கள் சுற்றி நின்று அவரையே பார்த்தன.

கடைசியாகச் சடையாண்டி என்பவரிடம் வந்தார். அவர் இடுப்பளவு குழிக்குள் நின்று பாறையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, வறண்ட கிணறே வெட்டாத ஆள் யாராச்சும் இருக்காங்களா?"

"இருக்கானே! மண்வெட்டியே தொடாதவன். போய் அவனைக் கூப்பிடு. பூமி என்ன எங்கப்பன் வீட்டு அடுப்படியா, மூடியைத் தொறந்து பாக்க? பாறை வந்தா வரும், தண்ணி வந்தா வரும். உவரா வந்தாலும் மொதக் குடம் நான்தான் குடிப்பேன். தான் வெட்டுன கெணத்துத் தண்ணிய மொதல்ல தான் குடிக்காதவன் எல்லாம் ஒரு ஆளா? அது எங்க வழக்கம்யா. வந்துட்டான் கேள்வி கேக்க!"

கொம்பையாவின் முகம் மெல்ல மலர்ந்தது. "இன்னொரு தடவை சொல்லுங்கண்ணே."

"எதை? திட்டுனதையா?"

"அதுக்கு முன்னாடி சொன்னதை."

பௌர்ணமியன்று சபை கூடியது. கொம்பையா தோற்பார், வேலை தன் வீட்டுக்கே வரும் என்று அமைச்சர் இரண்டு பேரைத் தயாராகக் கொண்டுவந்திருந்தார். ஒருவர் மைத்துனர், பட்டம் 'கூபகேசரி', அதாவது கிணற்றுச் சிங்கம். இன்னொருவர் மருமகன், பட்டம் 'நீரோட்டச் சிங்கம்'. பட்டம் கொடுத்தவரும் அமைச்சர், பொன்னாடை போர்த்தியவரும் அமைச்சர். இருவர் உள்ளங்கைகளும் வெண்ணெய் மாதிரி இருந்தன.

"நாங்கள் வெட்டி வறண்டது என்று ஒரு கிணறும் இல்லை" என்றார்கள் இருவரும்.

"ஆகா!" என்றது சபை.

"வந்தவர்களை வெறும் வயிற்றோடு சோதிப்பது அரண்மனைக்கு அழகா, மகாராசா?" என்றார் கொம்பையா. "முதலில் விருந்து."

சமையற்காரர் பொன்னுரங்கம் பரிமாறினார். மிளகு கரகரக்கும் வடை, உப்பில் ஊறிய நார்த்தங்காய், கண்ணீர் வரவழைக்கும் புளிக்குழம்பு. சிங்கங்கள் இரண்டும் வெளுத்துக் கட்டின. கொம்பையா அழைத்துவந்து ஓரமாக உட்காரவைத்திருந்த சடையாண்டியும் சாப்பிட்டார்.

"தண்ணீர்!" என்று விக்கினார் கூபகேசரி.

"இதோ!" என்று கொம்பையா ஓடிவந்தார். "தான் வெட்டின கிணற்றுத் தண்ணீரைத்தான் முதலில் குடிப்பது உங்கள் தொழில் வழக்கமாமே? அதை நாங்கள் மீறலாமா? எந்தக் கிணறு என்று சொல்லுங்கள். குதிரையும் குடமும் வாசலில் நிற்கின்றன."

"வந்து... வடதேசத்தில்..."

"அப்படியானால் ஒரு மாதம் பொறுக்க வேண்டும். சிங்கத்துக்கு எங்கே?"

"கடல் தாண்டி..." என்ற மருமகனின் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

சடையாண்டி தன் மண்கலயத்தைத் திறந்து மடக்மடக்கென்று குடித்தார். "எங்கூருக் கெணறு. நான் வெட்டுனது. கொஞ்சம் உப்புக் கரிக்கும், ஆனா தண்ணி!"

அந்த மடக் சத்தம் கூபகேசரியை உடைத்துவிட்டது. "ஐயோ, நான் வெட்டியது ஒன்றே ஒன்றுதான்! இந்த அரண்மனைத் தோட்டத்தில்தான்! யாராவது தண்ணீர் கொடுங்களேன்!"

சபை வாய் திறந்தது. 'ஆகா' மட்டும் வரவில்லை.

"நாட்டைவிட்டு ஓடியவன் உங்கள் வீட்டுக்குத்தான் ஓடினானா, அமைச்சரே?" என்றார் மன்னர். பிறகு கொம்பையாவிடம் திரும்பினார். "இருந்தாலும் என் ஆணை அப்படியே நிற்கிறது. வறண்ட கிணறே வெட்டாதவன் எங்கே?"

கொம்பையா சமையற்காரரைக் கையைப் பிடித்து முன்னால் இழுத்தார். "இதோ, பொன்னுரங்கம். வாழ்நாளில் ஒரு வறண்ட கிணறும் வெட்டாதவர். மண்வெட்டியையே தொட்டதில்லை. தங்கள் ஆணைக்கு இந்த நாட்டிலேயே முழுத் தகுதி இவருக்குத்தான். கடப்பாரையைக் கொடுக்கட்டுமா?"

"மகாராசா, வேணாம்!" என்று பொன்னுரங்கம் அலறினார். "எனக்கு மூச்சுப் பிடிப்பு இருக்கு! கிணத்தை நான் வெட்டினா அடுப்பை யாரு பாக்குறது?"

மன்னர் ஒரு கணம் முறைத்தார். அடுத்த கணம் தொந்தி குலுங்கச் சிரித்தார். "என் ஆணைக்கு ஏற்ற ஆள் சமையற்காரன்தானா! சரி. தன் தண்ணீர் உப்புக் கரிப்பதையும் மறைக்காமல் சொல்லுகிற அந்தக் கலயக்கார வாயாடியே வெட்டட்டும்."

"ராசா, மொத எடத்துல பாறை வந்தா என்னைத் திட்டக் கூடாது" என்றார் சடையாண்டி.

வந்தது பாறைதான். அமைச்சர் ரகசியமாக மகிழ்ந்தார். மறு இடத்தில் குளிர்ந்த ஊற்று பீறிட்டது. அமைச்சருக்கு அன்று சோறு இறங்கவில்லை. மண் சுமக்கக் கூபகேசரியையும் சிங்கத்தையும் மன்னர் அனுப்பியிருந்தார். "தலை நோகுமே!" என்று அவர்கள் அழ, அந்தப் பொன்னாடைகளையே சுருட்டிச் சும்மாடாக வைத்துவிட்டார் கொம்பையா.

முதல் குடத்தைச் சடையாண்டி குடித்து முடிக்கும்வரை மன்னர் செம்பைக் கையில் ஏந்திக் காத்து நின்றார். ஊரே பார்த்தது. "ம்... இப்ப ராசா குடிக்கலாம்" என்றார் சடையாண்டி. மன்னர் மறுபடி சிரித்துத் தன் முத்துமாலையைக் கழற்றிக் கொம்பையாவின் கழுத்தில் போட்டார். "வேறென்ன வேண்டும், கேள்!"

"அந்தத் தோட்டத்துக் குழிக்கு ஒரு பெயர்ப் பலகை போதும், மகாராசா."

'கூபகேசரி கிணறு' என்று கல்லிலேயே வெட்டி நட்டார்கள். ஊரே அங்கே போய்ச் சிரித்துவிட்டு வந்தது. மயில்கள் மட்டும் அந்தக் கிணற்றைப் பற்றி ஒருநாளும் குறை சொன்னதில்லை.