எழுபது டிகிரி

செண்பகவல்லியின் ஆய்வுக்கூடத்தில் வளரும் பாக்டீரியாவுக்கு, நாம் விரல் விட்டால் தோல் உரிந்துபோகும் சூடுதான் சுகம். வெந்நீர் ஊற்றிலிருந்து வந்த சாதி. அதன் நொதிகளை வைத்து அங்கே நியூக்ளியோசைடு என்னும் மூலக்கூறுகளைச் செய்கிறார்கள். சர்க்கரைத் துண்டு ஒன்றையும் பேஸ் என்னும் துண்டு ஒன்றையும் நொதி ஒட்டிக் கொடுக்கும். புதிதாக ஒட்டிய ஒன்று ரத்தப் புற்றுநோய்க்கு மருந்தாகலாம். ஆகாமலும் போகலாம். இன்னும் எலிக்குக்கூடக் கொடுத்துப் பார்க்கவில்லை.

மாணவர் இருதயராஜுக்கு ஐம்பத்திரண்டு வயது. சர்க்கரை ஆலை மூடிய பிறகு ஆராய்ச்சிக்கு வந்தவர். ஆசிரியை செண்பகவல்லி அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். அதனால் இவர் "மேடம்" என்பார், அவர் "சார்" என்பார்.

இருதயராஜுக்கு ஒரே மகள், அமலி. தாயில்லாத பெண். பத்தொன்பது வயதில் ரத்தப் புற்றுநோய். இனி செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

வியாழக்கிழமை காலை இருதயராஜ் ஆசிரியையின் மேசை முன்னால் வந்து நின்றார். சவரம் செய்யாத முகம்.

"மேடம், ஒண்ணு கேக்கணும். எப்படியும் சாகப்போற உயிருக்கு இன்னும் என்ன ஆபத்து இருக்கு?"

சிறு குப்பி ஒன்று துருத்திக்கொண்டிருந்த அவருடைய சட்டைப் பையைச் செண்பகவல்லி பார்த்தார்.

"அந்தக் குப்பிய எடுங்க சார்."

இருதயராஜ் மறைக்கவில்லை. எடுத்து மேசைமேல் வைத்தார்.

"நம்ம புது மருந்த எதுல கலந்தீங்க?"

"பாஸ்பேட் உப்புத் தண்ணியில. உடம்புக்கு ஒத்துப்போகணுமில்ல."

"நொதிய எப்படி நிறுத்துனீங்க?"

"எழுபது டிகிரியில அரை மணி நேரம் வச்சேன் மேடம். அந்தச் சூட்டுல எந்த நொதியும்..."

சொல்லும்போதே அவர் குரல் இறங்கிவிட்டது. அந்த நொதி பிறந்து வளர்ந்த சூடே அதுதான். தினமும் அதே சூட்டில் மற்ற புரதங்களையெல்லாம் திரிந்த பால்போலத் திரியவைத்து, இதை மட்டும் தெளிவாகப் பிரித்தெடுக்கும் கை அவருடையது. பாவம், பெற்ற மனசு அவசரப்பட்டால் தெரிந்த தொழிலும் மறந்துபோகும்.

செண்பகவல்லி திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். குப்பியிலிருந்து ஒரு சொட்டு எடுத்துச் சிறு தகட்டில் வைத்தார். தகட்டைக் கரைப்பானில் நிறுத்தினார். இருபது நிமிடத்தில் சொட்டில் கலந்திருந்தவை தனித்தனியாகப் பிரிந்து தகட்டில் மேலே ஏறின. பிறகு தகட்டை உலர்த்தி, புற ஊதா விளக்கின் கீழே நீட்டினார்.

மருந்து நிற்க வேண்டிய இடத்தில் மங்கலாக ஒரு புள்ளி. அதற்கு மேலே கருகருவென்று இன்னொன்று.

"மேல இருக்கிறது என்ன சார்?"

"பேஸ். தனியாப் பிரிஞ்சிருக்கு."

"யார் பிரிச்சது?"

"நொதிதான். பாஸ்பேட் நெறைய இருந்தா ஒட்டினதையே திருப்பி உடைக்கும்."

"சட்டைப் பை சூட்டுலயா?"

"மெதுவா உடைக்கும். ஆனா உடைக்கும். அதுக்கு நிறுத்தத் தெரியாது மேடம்."

"இந்த பேஸ் உள்ள போனா?"

"நல்ல செல், கெட்ட செல்லுன்னு பாக்காது. எல்லாத்தையும் கொல்லும்." இருதயராஜ் குப்பியைத் தன்னிடமிருந்து தள்ளி வைத்தார். "என் கையாலயே ஊசி போட்டிருப்பேன். இன்னிக்குச் சாயங்காலம் போடுறதா இருந்தேன்."

செண்பகவல்லி குப்பியைக் கழிவு டப்பாவில் போட்டு மூடினார்.

இருதயராஜ் நாற்காலியில் உட்கார்ந்து அழுதார். அழுது முடிந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, உறையிலிருந்து புதுக் கையுறை ஒன்றை இழுத்தார்.

"தப்பு எங்கேன்னு தெரிஞ்சுபோச்சு மேடம். பாஸ்பேட் வேண்டாம். நொதிய முதல்ல வடிகட்டி எடுத்துடறேன். இன்னும் ரெண்டே நாள் குடுங்க."

செண்பகவல்லி விளக்கை அணைத்தார்.

"வீட்டுக்குக் கூட்டிப் போகச் சொல்லி டாக்டர் என்னிக்குச் சொன்னாரு?"

"திங்கட்கிழமை."

"இந்த நாலு நாளா அமலி பக்கத்துல யாரு சார் இருக்கா?"

கையுறை பாதி விரல்களில் ஏறியபடியே நின்றது.