வல்லி வரைந்த ஒரே ஆடு

"அக்கா, இதுக்கு உயிரே வர மாட்டேங்குது."

வல்லி போனில் சொன்னாள். அழவில்லை. அழுதால் அம்மா தையல் மிஷினை நிறுத்துவாள். நிறுத்தினால் ஏன் என்று கேட்பாள்.

மறுமுனையில் ஜெசிந்தா. வயது இருபத்துநான்கு. தூத்துக்குடியில் தன் வீட்டு மாடியறையில் உட்கார்ந்துகொண்டு, வெவ்வேறு ஊர்களில் இருக்கும் பதினெட்டுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் போன் வழியாக அனிமேஷன் சொல்லிக்கொடுப்பவள். பிள்ளைகள் யாரும் டீச்சர் என்று கூப்பிட்டதில்லை. அக்காதான்.

கோடை விடுமுறை வகுப்பின் கடைசி வேலை, வீட்டிலிருந்தபடியே ஐந்து வினாடிப் படம் ஒன்று செய்வது. வினாடிக்குப் பன்னிரண்டு ஓவியம், மொத்தம் அறுபது. ஞாயிறு மாலை ஆறு மணிக்குப் பெற்றோர் எல்லாரும் பார்க்க, அத்தனை பேர் படமும் திரையில் ஓடும்.

இன்று ஞாயிறு. மணி ஐந்து.

"எத்தனை வரைஞ்சிருக்க?"

"ஒண்ணு."

ஒன்பது நாளாக அந்த ஓர் ஆட்டோடுதான் வல்லி மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். தாளைத் தரையில் நான்கு மூலையிலும் டேப் போட்டு ஒட்டியிருந்தாள். இரண்டு நாற்காலிக்கு நடுவே ஒரு பலகை. போன் வைக்கும் இடத்தைப் பலகையில் சாக்பீஸால் கோடு போட்டு வைத்திருந்தாள். தாள் அசையக் கூடாது, போன் இடம் மாறக் கூடாது, எதைத் திருத்தினாலும் ஒரு போட்டோ எடுக்க வேண்டும் என்பது அக்காவின் முதல் நாள் உத்தரவு.

காது தொங்கியிருந்தது. அழித்து மேலே ஏற்றினாள். போட்டோ எடுத்து அனுப்பினாள். "அக்கா, இது சரியா?"

"வந்தது" என்று பதில்.

சரி என்றும் இல்லை, தப்பு என்றும் இல்லை. அப்படியென்றால் தப்புதான்.

கழுத்தை நீட்டினாள். கண்ணைப் பெரிதாக்கினாள். முன்னங்கால் குட்டை, பிறகு நெட்டை, மறுபடியும் குட்டை.

"வந்தது."

ரப்பர் தேய்ந்து பாசிப்பயறு அளவுக்கு வந்துவிட்டது.

"ஏட்டி, அந்த ஆடு படத்துக்கா, பிரியாணிக்கா?" அம்மா மிஷினை மிதித்தபடியே கேட்டாள். "பரதம் ரெண்டு மாசம். கீபோர்டு மூணு வாரம். இதுவும் பாதியில நின்னுச்சுன்னா இனி எந்த வகுப்புலயும் சேர்க்க மாட்டேன், சொல்லிட்டேன்."

சொன்னதைச் செய்கிறவள்.

வல்லி குரலைத் தாழ்த்தினாள். "அக்கா, என் பேரை எடுத்துருங்க. உடம்பு சரியில்லன்னு சொல்லிருங்க."

"உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கு."

"பிறகு?"

"முதல் படமே சரியா வரலன்னா ரெண்டாவதை எப்படிக்கா வரைய?"

"கொஞ்சம் இரு."

மவுஸ் சொடுக்கும் சத்தம் கேட்டது. பெயரை எடுக்கிறாள் போலிருக்கிறது. கேட்டது என்னவோ தான்தான். இருந்தாலும் இவ்வளவு சீக்கிரமா?

போனில் ஒரு வீடியோ வந்து விழுந்தது.

"என்னக்கா இது?"

"பாரு."

ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு வீடியோவைத் திறந்தாள்.

அதே ஆடு.

காது தொங்கியது, சட்டென்று ஏறியது. கழுத்து நீண்டது. கண் விரிந்தது. முன்னங்கால் தரையில் பாவாமல் மேலே போனது, இறங்கியது, மறுபடியும் மேலே போனது. அழித்த கோடுகளின் கறை உடம்பைச் சுற்றிப் படபடத்தது.

ஐந்து வினாடி. முடிந்துவிட்டது.

"இதை யாருக்கா வரைஞ்சது?"

"சரியா சரியான்னு கேட்டு ஒவ்வொண்ணா அனுப்புனியே. மொத்தம் அறுபத்தொண்ணு. வந்த வரிசையில ஓட விட்டேன்."

மிஷின் நின்றது.

அம்மா எழுந்து வந்து போனை வாங்கினாள். ஒரு தடவை பார்த்தாள். இன்னொரு தடவையும் பார்த்தாள்.

"ஏட்டி." குரல் இறங்கியிருந்தது. "இது எதையோ கண்டு பயப்படுதே. என்னத்தைக் கண்டு?"

வல்லி அம்மா கையிலிருந்த போனைப் பார்த்தாள்.

"இன்னும் அம்பது நிமிஷம் இருக்கு வல்லி" என்றாள் ஜெசிந்தா. "ஆட்டுக்கு முன்னால தாள்ல நிறைய இடம் காலியாக் கிடக்கு. அங்க என்ன நிக்குதுன்னு வரை."