மல்லி திரும்பும் இடம்

ஆழிமுனையில் சீசன் வந்துவிட்டால் கடற்கரையில் மணல் தெரியாது. தலைதான் தெரியும். பஜ்ஜிக் கடை, பலூன் சுடும் கடை, கடைக்கு ஓர் ஒலிபெருக்கி. அத்தனைக்கும் நடுவே தன் வெள்ளைக் குதிரை மல்லியின் கடிவாளத்தைப் பிடித்தபடி சிக்கந்தர் நடந்துகொண்டிருப்பார். சோளம் சுடும் வண்டியிலிருந்து கவிழ்த்துப் போட்ட பழைய படகு வரைக்கும் போய் வந்தால் ஒரு சவாரி. படகடிக்கு வந்ததும் மல்லி தானாகத் திரும்பிவிடும்.

"நான் ஒண்ணுமே சொல்றதில்லை. படகைப் பாத்தா அதுக்கே தெரியும்," என்று சவாரி வருகிறவர்களிடம் பெருமை பேசுவார்.

பெருமை அந்த ஒன்றோடு சரி. மற்றதெல்லாம் குறைதான். வாயைத் திறந்தால் முதலில் நாக்கைத் தட்டி ஓர் உச்சு வரும், பின்னால்தான் பேச்சு வரும். இரைச்சலுக்கு உச்சுக் கொட்டுவார். சோளக்காரன் விசிறும் புகைக்கு உச்சுக் கொட்டுவார். படம் எடுக்கும்போது குதிரையைச் சிரிக்கச் சொல்கிறவர்களுக்கு இரண்டு தரம் கொட்டுவார்.

கலங்கரை விளக்கத்துக்குப் பின்னால் ஓர் ஓலைக் கொட்டகையில் பாவா ஒருவர் இருந்தார். சிக்கந்தரைவிட வயதில் இளையவர். இருந்தாலும் சிக்கந்தர் அவரைத்தான் குருவாக நினைத்திருந்தார். குருவோ சீடரை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். இரண்டு பேருக்கும் அதில் ஒரு சங்கடமும் இல்லை.

ஒருநாள் சிக்கந்தர் மல்லியை வெளியே கட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"பாவா, இந்த ஊரை விட்டே போயிடலாமான்னு இருக்கு."

பாவா கேட்டுக்கொண்டிருந்தார். நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம், உள்ளே தள்ளி, சிக்கந்தரின் மச்சான் மைதீன் ஒரு மாந்தோப்புக்குக் காவல். தோப்பை ஒட்டிக் கண்மாய். பக்கத்து வீடு காலியாகிறது, குடும்பத்தோடு வந்துவிடு, இரண்டு பேருமாகத் தோப்பைப் பார்த்துக்கொள்ளலாம் என்று மைதீன் கூப்பிடுகிறார். மாதம் முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். போனால் கைப்பழக்கமான தொழில் போகும், பாவாவைப் பார்ப்பதும் போகும். இருந்தால் இந்தச் சத்தத்திலேயே ஒருநாள் மண்டை வெடிக்கும். வீட்டில் மனைவி ஜன்னத் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். பெட்டியைக் கட்டச் சொன்னால் கட்டுகிறேன், ஆனால் ஒரு தடவைதான் கட்டுவேன்.

"போகவா, இருக்கவா? நீங்க சொன்னா சரி."

பாவா வெளியே நின்ற குதிரையை எட்டிப் பார்த்தார். மல்லி அந்தக் கண்மாய்ப் பக்கம் போயிருக்கிறதா என்று கேட்டார்.

"அது எங்கே போச்சு? அதுக்குத் தெரிஞ்சதெல்லாம் சோள வண்டியும் படகும்தான்."

"செவ்வாய்க்கிழமை இங்கே கூட்டம் கம்மிதானே? ஒரு நடை கூட்டிட்டுப் போயிட்டு வருவோம்."

செவ்வாய் விடியலில் மூவரும் கிளம்பினார்கள். உப்பளத்தைத் தாண்டி, நெடுஞ்சாலையைத் தாண்டி, பனங்காட்டுக்குள் வண்டிப் பாதையில் நடந்தார்கள். கடலின் இரைச்சல் முதுகுக்குப் பின்னால் தேய்ந்துகொண்டே வந்து ஓரிடத்தில் இல்லாமலே போயிற்று. கண்மாயில் பாதிக்குத்தான் தண்ணீர். மீதியெல்லாம் புல். கரையில் ஒரு மருதமரம்.

சிக்கந்தர் கடிவாளத்தைக் கழற்றினார். "போ தாயி. இன்னைக்கு உனக்கு லீவு."

அவர் மர நிழலில் உட்கார்ந்து பேசத் தொடங்கினார். இங்கே எவ்வளவு அமைதி என்று ஆரம்பித்து, அங்கே எவ்வளவு இரைச்சல் என்பதற்கு வந்து, அங்கேயே தங்கிவிட்டார். பலூன் கடைக்காரன் மல்லி போகும் நேரம் பார்த்துத்தான் சுடச் சொல்கிறானாம். ஒலிபெருக்கிக்காரனுக்குக் காது கேட்காதாம், அதனால்தான் ஊருக்கே கேட்கும்படி வைக்கிறானாம். சொல்லுக்குச் சொல் ஓர் உச்சு. பாவா நாரைகளைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

மல்லி கரையை விட்டு இறங்கிப் புல்லுக்குள் போனது. ஒரு சவாரி தூரம் போயிருக்கும். திரும்பி வந்தது. மறுபடி போனது. அதே தூரம். திரும்பி வந்தது.

சிக்கந்தருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"இல்லாத படகைப் பாக்குது பாருங்க பாவா. இம்புட்டுப் புல்லு கிடக்கு. கழுதையாப் பிறந்திருக்க வேண்டியது."

பாவாவும் சேர்ந்து சிரித்தார். வெயில் தாழ்ந்ததும் ஊர் திரும்பினார்கள்.

அடுத்த செவ்வாயும் போனார்கள். ஜன்னத் கட்டிக்கொடுத்த புளிச்சோற்றைச் சாப்பிட்டார்கள். சிக்கந்தர் விட்ட இடத்திலிருந்து பேச்சை எடுத்தார். மல்லி போனது, திரும்பியது, போனது, திரும்பியது. இந்தத் தடவை அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

"பாவம், கடற்கரை இதுக்குள்ளேயே ஏறி உக்காந்துருச்சு. இனிமே எங்கே கொண்டாந்து விட்டாலும் இப்படித்தான் போல."

சொன்ன பிறகு அவருக்கே என்னவோ போலிருந்தது. அப்படியானால் பெட்டி கட்டித்தான் என்ன? திரும்பும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தார்.

மாதத்தின் கடைசிச் செவ்வாய் வந்தது. அன்று சாயங்காலம் பதில் கேட்க மைதீன் கண்மாய்க்கே வருவதாகச் சொல்லியிருந்தார். மருதமரத்தடிக்குப் போய்ச் சேர்ந்ததும் பாவா தன் பையைத் துழாவி ஒரு கருப்பட்டித் துண்டை எடுத்தார். சின்னத் துண்டு இல்லை.

"வாயில போட்டுக்கங்கண்ணே. கடிக்கக் கூடாது. தானாக் கரையட்டும்."

சிக்கந்தர் போட்டுக்கொண்டார். ஒரு கன்னம் புடைத்தது. எதற்கு என்று கேட்க வாயில் இடமில்லை. பாவா மரத்தில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

பேச வழியில்லாததால் சிக்கந்தர் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாரை காலை மாற்றி வைத்தது. தோப்பில் எங்கோ ஒரு பிஞ்சு உதிர்ந்தது. அந்தச் சத்தம்கூடக் கேட்டது. மல்லி புல்லைக் கடித்து இழுக்கும் ஓசை அங்கிருந்து இங்கே வரைக்கும் வந்தது.

மல்லி ஒரு சவாரி தூரம் போய் நின்றது. ஒரு காதைப் பின்னுக்குத் திருப்பிக் கொஞ்ச நேரம் காத்திருந்தது. பிறகு மேலே நடந்தது.

சிக்கந்தர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மல்லி நடந்துகொண்டே இருந்தது. தண்ணீர் ஓரம் வரை போனது. குடித்தது. ஈரப் புல்லில் முன்னங்காலை மடக்கிப் படுத்து, சட்டென்று மல்லாந்து புரண்டது. நாலு காலும் ஆகாயத்தைப் பார்த்து உதைத்தன. குட்டியாக இருந்தபோது அது அப்படிப் புரண்டு பார்த்திருக்கிறார். எழுந்தது, உடம்பை உதறியது, மறுபடி படுத்துப் புரண்டது. கருப்பட்டி கரைந்து முடிந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை. கேட்க வேண்டும் என்று நினைத்ததே வெகு நேரம் கழித்துத்தான்.

"பாவா, இன்னைக்கு ஏன் அது திரும்பலை?"

பாவா கண்ணைத் திறந்தார். "படகுகிட்ட போனதும் சவாரி வந்தவங்க என்ன செய்வாங்க?"

"இன்னும் கொஞ்ச தூரம் போகச் சொல்லி அடம் பிடிப்பாங்க. தினமும் இதே ரோதனை."

"அப்போ நீங்க?"

அந்த ரோதனையை நினைத்த மாத்திரத்தில் சிக்கந்தரின் நாக்கு மேலண்ணத்துக்குப் போய்விட்டது. ச்சு.

கண்மாயின் அந்தக் கோடியில் மல்லி தலையைத் தூக்கியது. திரும்பி அவரை நோக்கி வரத் தொடங்கியது.

சிக்கந்தர் வாயைப் பொத்திக்கொண்டார். பாவா மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

பிறகு சிக்கந்தர் கரையை விட்டு இறங்கி எதிரே போனார். ஒன்றும் பேசாமல் மல்லியின் கழுத்தைத் தடவிக்கொடுத்தார். அது விட்டுவந்த தண்ணீர் ஓரத்துக்கே கூட்டிக்கொண்டுபோய் விட்டார். உடனே திரும்பிவிடவும் இல்லை. பொழுது சாயும் வரைக்கும் அங்கேயே, அதன் பக்கத்தில், புல்லில் உட்கார்ந்திருந்தார்.

மைதீன் மொபெட்டில் வந்து இறங்கினார்.

"என்ன மச்சான், வீட்டைக் கூட்டிப் பெருக்கச் சொல்லவா?"

சிக்கந்தர் பாவாவைப் பார்த்தார். பாவா தன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

"வேற ஆளுக்குக் கொடுத்துருங்க மச்சான். செவ்வாய்க்கிழமை மட்டும் நாங்க வந்துட்டுப் போறோம்."

"வந்து? எங்க ஊரு நாரைக்குச் சவாரி விடப் போறீங்களாக்கும்?"

"இல்லை. மல்லிக்குப் புரளணும்."

மைதீன் மல்லியைப் பார்த்தார், மச்சானைப் பார்த்தார். இதற்கு மேல் கேட்டுப் பயனில்லை என்று தெரிந்து, தோப்பிலிருந்து ஒரு பை மாங்காய் கொண்டுவந்து ஜன்னத்துக்கு என்று கொடுத்தனுப்பினார்.

பனங்காட்டைக் கடந்து, நெடுஞ்சாலையைக் கடந்து, உப்பளத்துக்கு வந்தபோது ஒலிபெருக்கி கேட்கத் தொடங்கியது. ஊருக்குள் நுழைந்ததும் பலூன் ஒன்று வெடித்தது. சோளப் புகை முகத்தில் அடித்தது. சிக்கந்தரின் நாக்கு எழுந்தது. மல்லியின் ஒரு காது பின்னுக்குத் திரும்பியது.

அவர் எச்சிலை விழுங்கினார். மல்லி நேரே நடந்தது.

கொட்டகை வாசலில் பாவாவிடம் விடைபெறும்போது சிக்கந்தர் கேட்டார்.

"அடுத்த செவ்வாயும் கருப்பட்டி கொண்டாருவீங்கதானே, பாவா?"

"மல்லிக்குக் கொண்டு வர்றேண்ணே," என்றார் பாவா.